பழைய கூடும் எட்டுக் கோழிகளும்

கூட்டை விற்ற கிழவர், "இருபது கோழி அடைக்கலாம்" என்றார். பொய்யில்லை, அடைக்கலாம்தான். 6 அடிக்கு 8 அடி, மொத்தம் 48 சதுர அடி. ஒரு கோழிக்கு உள்ளே 4 சதுர அடியாவது வேண்டும் என்பது இங்கே வீட்டில் கோழி வளர்ப்பவர்களின் கணக்கு. அந்தக் கணக்கில் 12. ஆனால் முழங்காலளவு பனி கிடக்கும் நாட்களில் கோழிகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கப்போகிறவை, எனவே 8 போதும் என்று முடிவு செய்தேன். அம்மாவுக்கு இதில் மனவருத்தம். கனடாவின் ஒன்ராறியோவில் 99 முட்டைக்கோழி வரை கோட்டா என்ற உற்பத்தி உரிமை இல்லாமல் வளர்க்கலாம் என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். "கவுண்மேந்தே தொண்ணூற்றொன்பது விடுறான். நீ எட்டிலை நிக்கிறாய்" என்றார்.

ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் பல வருடம் இருந்துவிட்டு, கவார்த்தா லேக்ஸ் பக்கம் ஒரு பழைய வீடும் இரண்டு ஏக்கர் காணியும் வாங்கி வந்தோம். புதுக் கூடு வாங்கத்தான் முதலில் கடை கடையாகப் பார்த்தேன். படத்தில் பொம்மை வீடு மாதிரி அழகாக இருக்கும். நேரில் போய்த் தட்டிப் பார்த்தால் பழப்பெட்டிப் பலகை. பெட்டியில் போட்டிருக்கும் கோழிக் கணக்கை மூன்றால் வகுத்தால்தான் உண்மை வரும். கிழவரின் கூடு 300 டொலர். கூரை ஒழுகவில்லை. ஸ்குரூட்றைவரால் அடிச்சட்டங்களை ஒவ்வொரு முழத்துக்கும் குத்திப் பார்த்தேன், எங்கும் இறங்கவில்லை. அந்தக் கூட்டு விஷயத்தில் முதல் தடவையிலேயே நான் சரியாகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

பழைய கூடு வாங்கினால் பழைய குடியிருப்பாளர்களும் சேர்ந்து வருவார்கள். கோழிச்செள்ளில் ஒரு வகை பகலில் கோழியின் மேல் இருக்காது. பலகை இடுக்கிலும், கோழி ஏறி உறங்கும் தடி சுவரில் பொருந்தும் இடத்திலும் ஒளிந்திருந்து இரவில் வந்து இரத்தம் குடிக்கும். கோழியே இல்லாமல் எட்டு மாதம் வரைகூட உயிரோடு காத்திருக்கும். கோடை முழுக்கக் கூடு வெறுமையாகக் கிடந்தது என்று கிழவர் சொன்னது அதனால் ஆறுதலாக இல்லை. தடியின் அடிப்பக்கத்தை வெள்ளைக் கடதாசியால் துடைத்துப் பார்த்தேன். இரத்தக் கோடு விழவில்லை. சந்தோஷப்பட்டேன். பட்டினி கிடக்கும் செள்ளு சாம்பல் நிறத்தில்தான் இருக்கும், இரத்தம் குடித்ததுதான் சிவக்கும் என்பது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. காலையில் தடி எல்லாவற்றையும் கழற்றி எரித்துவிட்டேன்.

கழுவிய கதையை நீட்டவில்லை. ஒன்று மட்டும்: காய்ந்த எச்சத்தை முகமூடி இல்லாமல் கூட்டாதீர்கள். நுரையீரலைப் பிடிக்கும் பூஞ்சணம் அந்தத் தூசியில் இருக்கலாம். முதலில் தண்ணீர் தெளித்து அடக்கி, சுரண்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் கிருமிநாசினி. அழுக்கின் மேல் மருந்தடிப்பது முகம் கழுவாமல் பவுடர் பூசுகிற மாதிரி.

மரத்தையும் பார்க்க வேண்டும். முட்டைப் பெட்டியின் மூடி ஏதோ பழைய களஞ்சியக் கதவிலிருந்து வெட்டியது, மேலே மூன்று நிறம் பெயின்ற். ஹாட்வெயார் கடையில் ஈயம் சோதிக்கும் குச்சி விற்கிறார்கள். தேய்த்ததும் நிறம் மாறியது. கழற்றி எறிந்தேன். அடிச்சட்டங்களில் பச்சை சாயல் தெரிந்தது. 2003ஆம் ஆண்டு முடியும்வரை வீட்டு வேலைக்கு விற்ற பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் இருந்தது, அது அந்த மரமாக இருக்கலாம். கோழியின் அலகு எட்டாத அடிப்பக்கம் என்பதால் அப்படியே விட்டேன். ஆனால் அதில் வெட்டிய துண்டு ஒன்றுகூட விறகடுப்புக்குள் போகவில்லை.

ஒக்டோபர் நடுவில் கோழிகள் வந்தன. நாலு பாட் றொக், மூன்று ஷாண்டக்ளேர், ஒரு வெள்ளை லெக்ஹோர்ன். ஷாண்டக்ளேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கனடாவிலேயே உருவாக்கிய கோழியினம் அது. கியூபெக்கில் ஓகா மடத்துத் துறவி வில்ஃபிரிட் ஷாத்தலேன் பல வருடம் இனம் கலந்து பார்த்து 1918இல் வெளியே காட்டினார். அவருடைய பிரச்சினை எளியது. பெரிய கொண்டையும் தொங்கும் தாடியும் உள்ள கோழிக்கு இந்தக் குளிரில் அவை இரண்டும்தான் முதலில் விறைக்கும். அதனால் கொண்டை ஒரு சிறிய பொத்தான் அளவிலும், தாடி இருக்கிறதா என்று தேடும் அளவிலும் ஒரு கோழியை உண்டாக்கினார். லெக்ஹோர்ன் இதற்கு நேரெதிர். அதன் கொண்டை உயர்ந்து, ஒரு பக்கம் சரிந்து, சிவப்புத் துணி மாதிரி கிடக்கும். அம்மா அதற்கு 'மகாராணி' என்று பெயர் வைத்தார். அதை வாங்கியிருக்கக் கூடாது. அழகாக இருந்தது, வாங்கிவிட்டேன்.

நவம்பரில் முதல் பனி விழுந்த அன்று அம்மா கூட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சுவர் கூரையைத் தொடும் இடத்தில், இரண்டு பக்கமும் நீளத்துக்கு, இரண்டு விரல் அகலத்தில் ஒரு இடைவெளி இருந்தது. கிழவர் அதற்குக் கோழிவலை அடித்திருந்தார்.

"இதென்ன மோனை இது, வானம் தெரியுது. கோழியள் விறைச்செல்லே போகும். அடை."

எனக்கும் அதே எண்ணம்தான். நாலு கான் ஸ்பிரே ஃபோம் வாங்கி வந்து, இரண்டு இடைவெளியையும் கதவு இடுக்கையும் யன்னல் ஓரத்தையும் அடைத்தேன். ஃபோம் பொங்கி வந்து காய்ந்ததும் கத்தியால் சீவிவிட்டேன். உள்ளே நின்று கதவைச் சாத்தினால் காற்றின் சத்தமே இல்லை. பெருமையாக இருந்தது. கிழவர் ஒரு கவனமில்லாத மனிதர் என்றுகூட நினைத்தேன்.

ஜனவரி இரண்டாம் கிழமை ஒரு இரவு −24 பாகை. காலையில் கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. மூக்கைவிடக் கண்ணுக்குத்தான் முதலில் தெரிந்தது. ரோச் லைற்றை மேலே பிடித்தேன். கூரைப் பலகையைத் துளைத்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஆணிகள், நூற்றுக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றின் முனையிலும் பட்டாணி அளவில் ஒரு வெள்ளைப் பனி உருண்டை. யன்னல் கண்ணாடியில் உட்பக்கம் விரலளவு தடிப்பில் பனி. கீழே போட்டிருந்த மரச்சீவல் மேலே அப்பளம் மாதிரி இறுகி, மிதித்தால் நொறுங்கி, அடியில் சொதசொதவென்று இருந்தது. கோழிகள் தடியில் ஒட்டி உட்கார்ந்திருந்தன. மகாராணியின் கொண்டை முட்கள் இரண்டு வெளிறிப் போயிருந்தன. மூன்று நாளில் அவை கறுத்தன.

அடைத்த கூட்டில், ஒரு ஊசிக் காற்றும் நுழையாத கூட்டில், பனிக்கடி.

பக்கத்துக் காணியில் மாட்டுப் பண்ணை வைத்திருப்பவர் அன்று பனி தள்ள வந்திருந்தார். கூட்டுக்குள் தலையை விட்டு, உடனே வெளியே எடுத்து, தன் மாட்டுத் தொழுவத்தைக் கையால் காட்டினார். "அந்த விசிறிகள் பார், ஜனவரியிலும் ஓடுது. எதுக்கு ஓடுதெண்டு யோசிச்சிருக்கிறியா?" நான் யோசித்ததில்லை. கோடையில் நிறுத்த மறந்த மாதிரி ஏதோ என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று இரவு குந்தியிருந்து கணக்குப் பார்த்தேன். ஒரு முட்டைக்கோழி நாளுக்குக் கால் லீற்றர் போலத் தண்ணீர் குடிக்கும். எட்டுக் கோழிக்கு இரண்டு லீற்றர். கொஞ்சம் முட்டைக்குள் போகும். மற்றதெல்லாம் மூச்சாகவும் எச்சமாகவும் வெளியே வருகிறது. எச்சத்தில் முக்கால்வாசி தண்ணீர்தான். அதாவது நான் தினமும் ஒரு பெரிய சோடாப் போத்தல் தண்ணீரை அந்தப் பெட்டிக்குள் ஊற்றி, வெளியே போகும் வழியையும் ஃபோம் வைத்து அடைத்திருக்கிறேன். ஆணி இரும்பு, கூரைக் குளிர் முழுவதையும் உள்ளே கொண்டு வருகிறது. ஈரம் அதில் போய்ப் படிகிறது. ஆணியில் படிந்த அதே ஈரம்தான் மகாராணியின் கொண்டையிலும் படிந்தது. காய்ந்த கொண்டை தாங்கும் குளிரை நனைந்த கொண்டை தாங்காது. கண் எரிந்தது ஈர எச்சத்திலிருந்து எழும் அமோனியாவால். காற்றில் அது 25 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சம் பங்கில் 25ஐ, தாண்டவிடக் கூடாது என்பார்கள். மனிதனுக்கு மணக்கத் தொடங்கும்போதே கோழிக்குக் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் என் முகம் ஐந்தடி உயரத்தில். கோழி அந்தச் சீவலுக்குப் பக்கத்திலேயே மூச்சு விடுகிறது.

இதை எல்லாரிலும் முதல் நான் விளங்கியிருக்க வேண்டும். கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலம் ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்றில் ஐந்து பேர் இருந்தோம். குளிருக்குப் பயந்து யன்னல் இடுக்கில் துணி செருகி, மேலே பொலித்தீன் ஒட்டினோம். தினமும் சோறு, புட்டு, இடியப்பம், எல்லாம் ஆவி. காலையில் யன்னல் வியர்த்துக் கட்டையில் தண்ணீர் தேங்கி நிற்கும். மார்ச்சில் கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்தது. வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, "யன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கோ தம்பி" என்றார். ஹீற்றர் போட மனமில்லாமல் சொல்கிறார் என்று நாங்கள் அவரைத் திட்டினோம். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இன்னொரு கணக்கு எனக்கு ஆச்சரியமாக இருந்தது. வெளியே −20 என்றால் அந்தக் காற்று ஒரு கன மீற்றருக்கு ஒரு கிராம் அளவு ஈரத்தைத்தான் வைத்திருக்க முடியும். பூச்சியம் பாகையில் கிட்டத்தட்ட 5 கிராம். எனவே கடுங்குளிர்க் காற்று உள்ளே வந்து கொஞ்சம் சூடேறினால், வறண்ட பஞ்சு மாதிரி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு வெளியே போகும். துணி காயப்போட இதைவிட நல்ல காற்று கிடையாது. நான் அதைத்தான் வாசலிலேயே மறித்து வைத்திருந்தேன்.

சரி, திறப்பது என்று முடிவு. எங்கே திறப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் தமிழில் இதற்கு இரண்டு நல்ல சொற்கள் உண்டு. காற்றோட்டம் வேறு, ஊதல் வேறு. கோழி தன் சிறகுகளை உப்பி, இடையில் காற்றைச் சிறைப்பிடித்து வைத்துத்தான் குளிரைத் தாங்குகிறது. 41 பாகையளவு சூடுள்ள உடம்பு அது, உள்ளுக்குள் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. அந்தச் சிறகைக் கிளப்பும் ஊதல் பட்டால் போர்வை போய்விடும். அதனால் துவாரம், உறங்கும் கோழியின் தலைக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். ஊரில் எங்கள் குசினியில் புகைபோக்கி முகட்டோடு ஒட்டித்தானே இருந்தது? அடுப்படியில் அல்லவே.

அளவுக்கு, ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி துவாரம் என்றொரு நடைமுறைக் கணக்கு உண்டு. எட்டுக்கு எட்டு. எட்டடிச் சுவர் இரண்டிலும் கூரையோரமாக 6 அங்குல அகலத்துக்கு முழு நீளமும் வெட்டினால் பக்கத்துக்கு 4 சதுர அடி. கணக்கு அச்சாகப் பொருந்தியது. −9இல், கையுறையோடு, ரெசிப்புரோ என்ற மின்வாளால் என் சொந்த ஃபோமையே வெட்டி எடுத்தேன். மனைவி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. சிலவேளை ஒன்றும் சொல்லாததுதான் கூடச் சுடும்.

வெட்டிய இடத்துக்கு அரை அங்குலக் கண் இரும்புவலையை ஸ்குரூவும் வாசரும் போட்டு இறுக்கினேன். கிழவர் அடித்திருந்த கோழிவலை கோழியை உள்ளே வைத்திருக்கும், ரக்கூனை வெளியே வைத்திருக்காது. வீசல் என்றொரு பிராணி, எங்களூர் கீரியின் சின்னத் தம்பி மாதிரி, ஒரு அங்குல ஓட்டை கிடைத்தால் புகுந்துவிடும். வலைக்கு உட்பக்கம் நீளப் பலகை ஒன்றைக் கீழ்விளிம்பில் கீல் வைத்துப் பொருத்தினேன். உள்ளே சாய்த்துத் திறந்தால் வரும் காற்று பலகையில் முட்டி முகட்டை நோக்கிப் போகும், நேராகக் கீழே இறங்காது. மேற்கிலிருந்து பனிப்புயல் வந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் சாத்தி, கிழக்கைத் திறந்தே விடலாம். இரண்டையும் சேர்த்துச் சாத்துவதில்லை என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அது அம்மாவுக்காக என்றுதான் முதலில் சொன்னேன்.

இனிச் சோதிக்க வேண்டும். அதற்கு ஒரு கருவி வீட்டிலேயே இருந்தது. சாமித்தட்டில் இருந்து ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு, நெருப்புப் பொறி விழாமல் அடியில் ஒரு தகரப் பேணியையும் பிடித்தபடி இரவு கூட்டுக்குள் போனேன். கோழிகளின் முதுகு மட்டத்தில் பிடித்தேன். புகை நூல் பிடித்த மாதிரி நேரே மேலே போனது. தலைக்கு மேல் ஒரு முழம் போனதும் மெல்லத் தளர்ந்தது, முகட்டடியில் வளைந்து, வலைக்குள்ளால் வெளியே இழுபட்டது. அங்கே இங்கே நகர்த்திப் பார்த்ததில் கோழிகள் வந்துபோகும் சின்னக் கதவுப் பக்கம் மட்டும் புகை தரையோடு படுத்து ஓடியது. அங்கே ஒரு ரப்பர் பட்டி அடித்தேன். மகாராணி ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். கூடு சாம்பிராணி வாசத்தில் இருந்தது.

மற்ற வேலைகள் வேகமாக முடிந்தன. உறங்கும் தடிக்கு இரண்டுக்கு நாலு அங்குல மரத்தை அகலப் பக்கம் மேலே இருக்கப் படுக்கவைத்தேன். ஊரில் உருண்டைத் தடிதான், அதைக் கோழி விரலால் பற்றிக்கொள்ளும். இங்கே விரல் தெரிந்தால் விறைக்கும். தட்டையான மரத்தில் பாதத்தை வைத்து மேலே வயிற்றைச் சாய்த்தால் விரல் முழுக்க மூடிவிடும். கூரை உட்பக்கமும் வடக்குச் சுவரும் மட்டும் இரண்டு அங்குல ஃபோம் பலகை. ஒரு நாள் மூடாமல் விட்டேன், மறுநாள் எச்சத்தில் நீல நிறத் துண்டுகள். கோழிக்கு அது என்ன ருசியோ, விட்டால் முழுப் பலகையையும் தின்றுவிடும். மேலே மெல்லிய ப்ளைவுட் அடித்தேன். கூரை உட்புறம் மூடியதும் ஆணி முனைகளும் மறைந்தன, சொட்டும் நின்றது. தரையில் எட்டு அங்குலத் தடிப்புக்குப் பைன் மரச்சீவல் போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளறிவிடுகிறோம். காய்ந்திருக்கும் வரை மணம் இல்லை.

சூட்டு விளக்கு போடவில்லை. 250 வாட் பல்ப், காய்ந்த சீவல், தூசி, பறக்கிற பிராணி. இந்த நாலையும் ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டிவிட்டு நான் எப்படி நித்திரை கொள்வது? இன்னொன்றும் உண்டு. விளக்குச் சூட்டுக்குப் பழகிய கோழிக்குத் திடீரென்று கரண்ட் நின்றால் அதுதான் ஆபத்து. 2013 டிசம்பர் உறைமழையில் ரொறொன்ரோவிலேயே நத்தார் நேரம் நாட்கணக்கில் இருளில் இருந்தோம். 2025 மார்ச் கடைசியில் இந்தப் பக்கமும் அதே கதி. தண்ணீர்ப் பாத்திரத்துக்கு அடியில் மட்டும் ஒரு சூட்டுத் தட்டு வைத்திருக்கிறேன். அது நின்றால் வீட்டிலிருந்து கேத்திலில் கொண்டுபோகலாம்.

ஈரப்பதனும் காட்டும் இரண்டு வெப்பமானி வாங்கி ஒன்றை உள்ளேயும் ஒன்றை வெளியேயும் மாட்டினேன். அடுத்த கடுங்குளிர் இரவு வெளியே −22, உள்ளே −17. ஐந்து பாகைதான் வித்தியாசம். அதைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது, எழும்பிப் போய் மூடிவிடலாமா என்று சப்பாத்துவரை கால் போனது. மனைவிதான், "கதவிலை என்ன எழுதி ஒட்டியிருக்கிறீங்கள்?" என்று கேட்டார். உள்ளே ஈரப்பதன் எழுபது வீதம்தான் காட்டியது. காலையில் யன்னல் கண்ணாடி வெறுமையாக இருந்தது, அதனூடாகக் கோழிகள் தெரிந்தன. சீவல் சரசரத்தது. முட்டைப் பெட்டியில் மூன்று முட்டை, ஒன்று உறைந்து வெடித்திருந்தது. அதை அம்மா அப்போதே பொரித்துவிட்டார்.

அம்மாவை நான் சமாதானப்படுத்தவில்லை. ஒருநாள் தேத்தண்ணி குடிக்கும்போது அவரே தொடங்கினார். ஊரில் வேப்பமரத்துக்குக் கீழே நின்ற கூட்டுக்கு அப்பா பலகை அடித்தபோது ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஒரு விரல் விட்டாராம். "மரநாய் கை விடேலாது, காத்து மட்டும் போகவேணும் எண்டு சொல்லி, விரலை வைச்சு வைச்சு அளந்தவர்." பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஆனா அங்கை பனி இல்லையே மோனை" என்று கோப்பையைக் கழுவப் போனார்.

பெப்ரவரியில் மத்தியான வெயில் தெற்கு யன்னலால் உள்ளே விழத் தொடங்கியது. அம்மா விறகடுப்புச் சாம்பலை ஆறவைத்து, சலித்து, ஒரு பழைய ரப்பர் தொட்டியில் போட்டு அந்த வெயிலில் வைத்திருந்தார். கோழிகள் வரிசையில் நின்று குளித்தன. மகாராணி இரண்டு முள் குறைந்த கொண்டையோடு பக்கமாகப் படுத்து, ஒரு சிறகை விரித்துச் சாம்பலை முதுகில் அள்ளிப் போட்டாள். தூசி எழும்பி வெயிலில் பொன்னாக மிதந்து மேற்குப் பக்க வலையை நோக்கி மெதுவாக நகர்ந்தது. அம்மா குளிர்ச்சட்டை, தொப்பி, கம்பளிச் சால்வை எல்லாம் போட்டுக்கொண்டு கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, அந்தத் தூசியை மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் இன்னும் ரெண்டு விரல் திறந்துவிடு" என்றார்.

நேற்றைய புயலுக்குச் சாத்திய பலகை அரைகுறையாகத்தான் திறந்திருந்தது. கொக்கியைத் தூக்கிப் பார்த்தேன், பனியில் இறுகியிருந்தது. சுத்தியல் எடுக்க வீட்டுக்கு நடந்தேன்.